பொட்டலம் மடிக்கும் முன்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும், இரண்டுக்கும் இடையே கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் நாட்டு மருந்துக் கடை நடத்தும் பெரியவர்களுக்கும், கல்லாவில் நிற்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

"கொஞ்ச நாளா ஒரே அசதியா இருக்கு, ஏதாச்சும் இருந்தா குடுங்க" என்று உங்கள் கடைப்படி ஏறுகிறவர், அநேகமாக அதை வேறு எவரிடமும் சொல்லியிருக்க மாட்டார். வீட்டில் சொன்னால் எல்லாருக்குந்தான் அசதி என்பார்கள். வேலையிடத்தில் சொன்னால் ஓ.டி. போய்விடும். காய்ச்சலோ வலியோ இல்லாமல் அசதியை மட்டும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் உட்காருவது நம்மவர் வழக்கத்தில் இல்லை. ஆகவே அமுக்கராச் சூரணமும் வல்லாரைப் பொடியும் பிரமி மாத்திரையும் சியவனப்பிராச லேகியமும் டொங்காட் அலி காப்பியும் அடுக்கிய உங்கள் கடைதான் அவருக்கு முதல் வாசல். நீங்களும் ஒரு டப்பாவை எடுத்து, காலையும் ராத்திரியும் பாலில் கலந்து சாப்பிடச் சொல்லிக் கொடுத்தனுப்புகிறீர்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும் அந்தப் பேச்சைப் பற்றித்தான் இந்த மடல். உங்கள் மருந்தின் மேல் எனக்கு வழக்கில்லை. எதுவும் கேட்காமல் அதை விற்பதுதான் தவறு என்கிறேன். எத்தனை நாளாக அசதி, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தீர்கள் என்று மூன்று கேள்வி கேட்ட பிறகே பொட்டலம் மடிக்க வேண்டும். இதை வாடிக்கையாளரிடம் போய்ச் சொல்லாமல் உங்களிடம் சொல்வதற்குக் காரணம், அவர் உங்கள் பேச்சைக் கேட்பார் என்பதுதான்.

கேள்விகள் ஏன் தேவை என்பதற்கு நம் சமூகத்தின் இரத்தமே சாட்சி. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்க் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. நாட்டு அளவில் இனிப்புநீர் உள்ளவராகக் கணக்கிடப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தமக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. தெரியாத இனிப்புநீரின் முதல் அடையாளங்களில் ஒன்று அசதி. அந்த அசதிக்கு நாம் கொடுப்பதோ லேகியம்! வெல்லமோ சர்க்கரையோ பாகாகக் காய்ச்சாமல் பெரும்பாலும் எந்த லேகியமும் கிண்டப்படுவதில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நோய் தெரிந்து பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் விழுங்குகிறவர் கதை வேறு. அந்த மாத்திரை நாளடைவில் உடம்பில் பி12 சத்தைக் குறைக்கக்கூடியது. சைவச் சாப்பாட்டுக்காரராகவும் இருந்துவிட்டால் குறைவு இன்னும் சீக்கிரம் வரும். களைப்பு, கால் மரத்துப்போதல், மறதி என்று அது காட்டும் குறிகள் அத்தனையும் வல்லாரை கேட்டு வருகிறவர் சொல்லும் குறிகளே. வல்லாரையில் பி12 கிடையாது. பெண்கள் விஷயத்தில் இரத்தசோகை வந்து சேர்கிறது. அதே கணக்கெடுப்பின்படி பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்துக்கு மூவருக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு. தைராய்டு சுரப்பு குறைந்தவர்களும் அசதி, எடை, சோர்ந்த மனம் என்றுதான் வருவார்கள். இவர்கள் எல்லாருக்கும் இரண்டு மூன்று சாதாரண இரத்தச் சோதனைகளில் காரணம் தெரிந்துவிடும். ஆறு மாதம் சூரணம் சாப்பிட்டுப் பார்ப்போம் என்று இருந்தால், அந்த ஆறு மாதமும் நோய் தன் பாட்டுக்கு வளரும்.

அசதிக்குப் பின்னால் நோய் ஒளிந்திருப்பது கிள்ளானுக்குப் புதிதல்ல. 1901இல் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்த ஆண்டில் ஊரும், புதிதாகத் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகமும் மலேரியாவில் படுத்துக் கிடந்தன. அவர் சதுப்பு நிலங்களை வடித்து, வடிகால் வெட்டி, புதர் அழித்து அந்தக் காய்ச்சலை ஒடுக்கியது உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற செய்தி. பிறகு தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளிகளின் சோம்பல் என்று துரைமார் பழித்தது பெருமளவு மலேரியாவும் கொக்கிப்புழுவும் குடித்துத் தீர்த்த இரத்தத்தின் சோகை. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவக் குழு, 1915க்குப் பின் மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜியிலும் இவ்விரண்டையும் சேர்த்தே ஆராய்ந்தது. நம் முன்னோரின் களைப்புக்குக் காரணம் கொசுவும் புழுவும் வெறுங்காலும் கக்கூஸ் இல்லாத லயமும். எந்த வேரைக் கொடுத்திருந்தாலும் அந்தக் களைப்பு தீர்ந்திருக்காது. இன்று லயம் போய் அடுக்குமாடி வந்துவிட்டது. பன்னிரண்டு மணிநேரக் காவல் வேலையும் துறைமுக ஷிஃப்டும் இரவு லோரியும் வந்திருக்கின்றன. 2023 ஜனவரி முதல் சட்டம் வாரத்துக்கு 45 மணிநேரம் என்கிறது. சம்பளச் சீட்டைப் பார்த்தால் அதை எத்தனை பேர் நம்புவார்கள் என்பது வேறு பேச்சு. ஆறு மணிநேரம் தூங்கக் கிடைக்காதவனுக்கு டொங்காட் அலி காப்பி கொடுத்தால், இருக்கிற தூக்கமும் போகும்.

அப்படியானால் இந்த மூலிகைகள் எதற்கும் உதவாதவையா? அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஐதராபாத்தில் மன அழுத்தம் உள்ள 64 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. அமுக்கரா வேர்ச் சாற்றை நாளுக்கு 600 மில்லிகிராம் வீதம் 60 நாள் கொடுத்ததில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அழுத்தம் கணிசமாகக் குறைந்தது. இரத்தத்தில் அழுத்தச் சுரப்பான கார்ட்டிசோலும் இறங்கியது. அதன் பிறகு வந்த சிறு ஆய்வுகளும் பெரும்பாலும் அதே திசையில்தான் போகின்றன. நம் நாட்டு டொங்காட் அலிக்கும் 63 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளிவந்த நான்கு வார ஆய்வு உண்டு. அதிலும் பதற்றமும் எரிச்சலும் குறைந்ததாகக் கண்டார்கள். வல்லாரை நிலைமை சற்று மங்கல். 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் நினைவாற்றல் கூடுவதற்குத் தெளிவான ஆதாரம் காணவில்லை. சுறுசுறுப்பு உணர்வு கொஞ்சம் கூடலாம் என்றார்கள். மலாய்க்காரர் உலாமில் பெகாகா என்று பச்சையாகத் தின்னும் கீரைக்கு அந்த மட்டும் நற்பெயர் போதும். ஆக, பலன் உண்டு, அளவானது. ஆனால் இந்த ஆய்வுகளை உங்கள் அலமாரிக்குக் கொண்டுவரும்போது ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அங்கே கொடுத்தது ஒரே தரமாக வடித்த வேர்ச்சாறு. இங்கே விற்பது இடித்த பொடி. அங்கே எண்ணிக்கை சில பத்துப் பேர், காலம் சில வாரங்கள், சாற்றைத் தந்தது பெரும்பாலும் அதைத் தயாரிக்கும் நிறுவனமே. முக்கியமாக, இத்தகைய ஆய்வுகளில் நாள்பட்ட நோயுள்ளவர்களையும் வேறு மருந்து சாப்பிடுகிறவர்களையும் பொதுவாகத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுவார்கள். அதாவது, நான் உங்களைக் கேட்கச் சொல்லும் மூன்று கேள்விகளையும் கேட்டு முடித்த பிறகுதான் ஆராய்ச்சியாளரே முதல் மாத்திரையைக் கொடுக்கிறார். ஆய்வு முடிவை விளம்பரத்தில் எடுத்துக்கொள்கிறவர்கள், அதன் முதல் படியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

விட்டுவிடுவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அமுக்கரா தைராய்டு சுரப்பைத் தூண்டக்கூடியது. சுரப்பு குறைந்தவருக்கு அது ஓரளவு நல்லதாகவே படலாம். ஆனால் அவர் ஏற்கெனவே தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், அல்லது சுரப்பு மிகுந்தவராக இருந்தால், நெஞ்சுப் படபடப்பு வரை போகும். சர்க்கரை மருந்து, இரத்த அழுத்த மருந்து, தூக்க மாத்திரை ஆகியவற்றின் வேகத்தை அது கூட்டலாம். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. 2020இல் ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அமுக்கரா சாப்பிட்ட ஐந்து பேருக்கு மஞ்சள் காமாலையோடு ஈரல் பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நிறுத்திய சில மாதங்களில் தேறினார்கள். டென்மார்க் 2023இல் அதைத் தடையே செய்துவிட்டது. கோடிக்கணக்கானோர் உண்ணும் வேரை முற்றாகத் தடுப்பது மிகை என்றே நினைக்கிறேன். எச்சரிக்கை மிகையாகாது. டொங்காட் அலிச் சாற்றை 2021இல் மதிப்பிட்ட ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், மரபணுவுக்குச் சேதம் விளைவிக்கலாம் என்ற ஐயத்தால் அது பாதுகாப்பானது என்று சான்று தர மறுத்துவிட்டது. சளிக்கும் தொண்டைக்கும் கைகண்ட அதிமதுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை நாள்தோறும் மிகுதியாகச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும். உடம்பில் பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் இறங்கினால் தசை தளரும். அசதி போக வேண்டும் என்று வாங்கியதே அசதியாக வந்து நிற்கும்.

இன்னொன்று, பொடிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி. முழு வேரை விற்றால் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும், பொடித்துவிட்டால் தெரியாது. அமுக்கராவின் இலையைச் சேர்க்காதீர்கள், வேரை மட்டும் பயன்படுத்துங்கள் என்று இந்தியாவின் ஆயுஷ் அமைச்சகம் 2021இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது என்றால், கலப்பு நடக்காமலா? உலோகம் இன்னும் பெரிய கவலை. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. இணையத்தில் விற்ற 193 மருந்துகளைச் சோதித்து 2008இல் வெளிவந்த ஆய்விலும் ஐந்தில் ஒரு பங்கில் இருந்தது. ஈயம் உடம்பில் ஏறினால் வருவது களைப்பு, வயிற்றுவலி, மலச்சிக்கல், எரிச்சல், சோகை. இதைவிடத் தந்திரமானது ஸ்டெராய்டு கலப்பு. நம் சுகாதார அமைச்சு சோதனைக்கு எடுத்த பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் கண்டுபிடிப்பது அடிக்கடி வரும் செய்தி. அதைச் சாப்பிட்டவருக்கு மூன்றே நாளில் பசியெடுக்கும், மூட்டு வலி போகும், உடம்பில் புதுத் தெம்பு பாயும்; முகம் உப்பியதைச் சதை பிடித்ததாக நினைத்துக்கொள்வார். நிறுத்தினாலோ உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்து, எழுந்திருக்க முடியாத தளர்ச்சியில் போட்டுவிடும். ஆகவே ஒரு வாரத்தில் குணம் தெரிகிற அசதி மருந்தைப் பார்த்துக் கடைக்காரர் மகிழக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை, மாத்திரை, காப்சியூல் போன்ற ஆயத்த மருந்துகளில் கன உலோகத்தையும் கிருமியையும் பார்த்த பிறகே 'மால்' என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவெண் கொடுக்கிறது. கடைசியில் 'டி' இருந்தால் பாரம்பரிய மருந்து, 'என்' இருந்தால் சத்துப் பொருள். அந்த எண் பாதுகாப்புக்குச் சான்று. நோய் தீரும் என்பதற்குச் சான்று அல்ல. இந்த வேறுபாட்டை வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். எண்ணே இல்லாமல் பெட்டியில் வந்து இறங்குவதை வாங்கவே வாங்காதீர்கள்.

தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டதுதானே, அப்போது யாருக்கு என்ன ஆயிற்று என்பது நான் எதிர்பார்க்கும் முதல் மறுப்பு. அதற்கு மேனாட்டு ஆய்வைக் காட்டி நான் பதில் சொல்லப் போவதில்லை. சித்த மருத்துவத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு வகையாகத் தேர்ந்து பார்க்காமல் மருந்து கொடுக்காத மரபு அது. அமுக்கராக் கிழங்கையே பாலில் பிட்டவியலாக அவித்துச் சுத்தி செய்த பிறகு சூரணமாக்கச் சொன்ன மரபு. யாருக்கு எந்த அனுபானத்தில், எத்தனை நாளைக்கு, எந்தப் பத்தியத்தோடு என்று வரையறுத்த மரபு. நம் முன்னோர் சாப்பிட்டது இத்தனையும் சேர்ந்த மருந்து. அந்த எட்டையும் விட்டுவிட்டு, வேரை மட்டும் டப்பாவில் அடைத்து நீட்டுவதைப் பாரம்பரியம் என்று சொல்வது பாரம்பரியத்துக்கு மரியாதை ஆகாது. அந்தக் காலத்து வைத்தியருக்கு எதிரில் உட்கார்ந்தவர் மெட்ஃபார்மினும் அம்லோடிப்பினும் கொழுப்பு மாத்திரையும் ஒரே கைப்பிடியில் விழுங்கிவிட்டு வந்தவர் இல்லை என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். நான் கேட்பது எட்டு கூட இல்லை, மூன்றுதான்.

மனத்தின் பக்கம் வருகிறேன்; இந்த மடலில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். நம்மவர் மனச்சோர்வு என்ற சொல்லோடு கடைக்கு வரமாட்டார்கள். தலை பாரம், தூக்கம் வரலை, சாப்பாடு இறங்கலை, உடம்புல சத்தே இல்லை, எதுலயும் மனசு ஒட்டலை என்றுதான் வருவார்கள். 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, 16 வயதும் அதற்கு மேலும் ஆன மலேசியர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைப் போல இது இரு மடங்கு. அவர்களில் ஒரு பங்கினர் உங்கள் தராசுக்கு முன் நின்று பிரமி கேட்கிறார்கள். அவர்களுக்கு 'நரம்புத் தளர்ச்சி' என்று பெயர் வைத்து ஒரு புட்டியை நீட்டிவிட்டால், வாய் திறந்து கேட்ட ஒரே தருணமும் அதோடு மூடிக்கொள்ளும். கூடவே, மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டார் பேச்சைக் கேட்டு அதை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாற வந்திருக்கலாம். அப்படி ஒருவர் வந்தால் விற்காமல் திருப்பி அனுப்புவதே வியாபார தர்மம். சோர்வோடு வருகிறவர் எவரிடமும், இரண்டு வாரத்துக்கு மேலாகவா, வாழ்ந்தென்ன என்று தோன்றுகிறதா என்று மெல்லக் கேட்டுவிடலாம். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கேட்பது பாரத்தை இறக்கும் என்பதே மனநல மருத்துவர்களின் அனுபவம். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டப் பிரிவை 2023இல் இந்த நாடு நீக்கிவிட்டது. போலீஸ் வழக்கு வரும் என்ற அச்சத்துக்கும் இனி இடமில்லை.

சட்டம் என்றதும் உங்களில் சிலர் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு. இப்படியெல்லாம் விசாரித்தால் நாங்கள் வைத்தியம் பார்த்ததாக ஆகிவிடாதா? 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய மருத்துவச் சட்டம், சித்தமும் ஆயுர்வேதமும் உள்ளிட்ட இந்தியப் பாரம்பரிய மருத்துவத்தை அங்கீகரித்து, அதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. கேள்வி கேட்டு, டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்புவது எந்த வைத்தியத்திலும் சேராது. ஆபத்து மறுபக்கத்தில்தான் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் மருந்தால் தீரும் என்று விளம்பரம் செய்யக் கூடாத இருபது நோய்களைப் பட்டியலிடுகிறது. அதில் இனிப்புநீரும் மனநோயும் நேரடியாக இருக்கின்றன. ஆண்மைக் குறைவும் அதையொட்டிய நரம்புத் தளர்ச்சியும் இருக்கின்றன. கடைச் சுவரில் நீங்கள் மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டிய அட்டையும் விளம்பரந்தான்.

கிளினிக்கில் காலை ஏழு மணிக்கே கூட்டம், டாக்டர் மூலிகை என்றாலே திட்டுகிறார் என்பதும் உண்மையான குறை. டாக்டர்கள் திட்டுவதால்தான் நோயாளி மறைக்கிறார். மறைப்பதால்தான் மருந்தும் மருந்தும் மோதுகின்றன. அவர்களுக்கு எழுத வேண்டிய மடல் தனி. ஆனால் அரசு சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். 40 வயதை எட்டிய குறைந்த வருமானக்காரருக்கு 'பெகா பி40' திட்டத்தில் இரத்தச் சோதனையோடு மனநலக் கேள்விகளும் இலவசம். அதற்குத் தனியார் கிளினிக்குகளுக்கும் போகலாம். வியாபாரம் குறையுமே என்பது கடைசி மறுப்பு. குறையலாம், மறுக்க மாட்டேன். ஆனால் அதே டப்பாவை உங்களைவிட மலிவாக, கேள்வியே இல்லாமல் கைப்பேசியில் விற்க ஆயிரம் பேர் வந்துவிட்டார்கள். விலையில் அவர்களை உங்களால் வெல்ல முடியாது. எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்து, அம்மா பெயர் சொல்லி விசாரித்து, "இதை அப்புறம் வாங்கிக்கலாம், முதல்ல ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று சொல்ல அவர்களால் முடியாது. சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தவருக்கு, வேறு மருந்தும் சாப்பிடாதவருக்கு, பதிவெண் உள்ள அமுக்கராவை இரண்டு மாதத்துக்குத் தாராளமாகக் கொடுங்கள். அவர் திரும்பி உங்களிடமே வருவார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சுவரில் இருக்கும் 'நரம்புத் தளர்ச்சிக்கு' அட்டையைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில், தராசுக்குப் பக்கத்தில், மூன்று கேள்விகளையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள். எத்தனை நாளாக? வேறு என்ன மருந்து? எப்போது இரத்தம் சோதித்தீர்கள்? கீழே இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கட்டும்: சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555, பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரின் 24 மணிநேர எண் 03-76272929. தீபாவளிக் கூட்டம் தொடங்கும் முன்பே மாட்டிவிடுங்கள்.